கட்டணமே வாங்காத கத்தோலிக்கப் பள்ளி: நியூயார்க்கின் ரீஜிஸ்

நியூஜெர்சியில் குடியேறியிருக்கும் ஒரு தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பம் கேட்டது இது: "மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். இங்கே கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிகளின் கட்டணத்தைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. மன்ஹாட்டனில் ரீஜிஸ் என்று சேசு சபையினர் (ஜெசூயிட் துறவியர்) நடத்தும் ஒரு பள்ளி இருக்கிறதாம், ஒரு டாலர்கூட வாங்குவதில்லையாம். இது உண்மையா? அப்படியானால் அந்தப் பள்ளி எப்படி நடக்கிறது? அதன் வரலாறு என்ன, படிப்பு எப்படி, எங்கள் பையன் சேர முடியுமா?"

உண்மைதான். 1914இல் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை ரீஜிஸ் உயர்நிலைப் பள்ளி எந்த மாணவனிடமும் கல்விக் கட்டணம் வாங்கியதில்லை. பணக்காரர் மகனாக இருந்தாலும் சரி, வீடு துடைக்கப் போகும் தாயின் மகனாக இருந்தாலும் சரி, அந்த விதி மாறாது. சலுகை, உதவித்தொகை, பாதிக் கட்டணம் என்ற படிகளும் கிடையாது. இடம் கிடைத்துவிட்டால் நான்கு ஆண்டுப் படிப்பும் இலவசம். அந்தப் பள்ளி இருப்பது மன்ஹாட்டனின் மேல் கிழக்குப் பகுதியில். அமெரிக்காவின் மிகச் செல்வமான வட்டாரங்களில் அதுவும் ஒன்று. சுற்றுவட்டாரத்தில் உள்ள பெயர்பெற்ற தனியார் பள்ளிகளின் ஆண்டுக் கட்டணம் இப்போது 60,000 டாலரைத் தாண்டிவிட்டது.

"எப்படி நடக்கிறது" என்ற கேள்விக்கு ஒரு நல்ல மனசுக்காரர் பணம் கொடுத்தார், அதை வைத்து நடத்துகிறார்கள் என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆனால் விஷயம் அதைவிட ஆழமானது. அமெரிக்கக் கத்தோலிக்கப் பள்ளிகளிலேயே ரீஜிஸ் ஒரு விதிவிலக்கு என்று பலரும் எழுதுகிறார்கள். சேசு சபையின் பழைய வரலாற்றைப் படித்தவர்களுக்கு அது தலைகீழாகத் தெரியும். இலவசமாகக் கற்பிப்பதுதான் அந்தச் சபையின் மூல விதி. கட்டணம் வாங்குவதுதான் பின்னால் வந்த விதிவிலக்கு. இதை விளக்கக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

புனித இஞ்ஞாசியார் 1540இல் சபையைத் தொடங்கியபோது பள்ளி நடத்தும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை. 1548இல் சிசிலித் தீவின் மெசினா நகர மக்கள் தங்கள் பிள்ளைகளுக்குக் கற்பிக்க ஆள் அனுப்பும்படி கேட்டார்கள். உணவும் இடமும் நகரம் தரும், பாடம் இலவசமாக நடக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அந்தப் பள்ளி நன்றாக நடந்தது. மற்ற நகரங்களும் கேட்கத் தொடங்கின. 1556இல் இஞ்ஞாசியார் இறக்கும்போதே முப்பதுக்கும் மேற்பட்ட கல்விக்கூடங்கள் இருந்தன. சபையின் சட்டம் தெளிவாகச் சொன்னது: கற்பிப்பதற்குக் கூலி வாங்கக் கூடாது. அதனால் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு 'நிறுவனர்' தேவைப்பட்டார். ஓர் அரசர், ஒரு பிரபு, ஒரு நகரசபை என்று யாராவது நிலமோ பெரும் தொகையோ எழுதிவைப்பார்கள். அதன் வருமானத்தில் பள்ளி நடக்கும். செருப்புத் தைப்பவர் மகனும் பிரபுவின் மகனும் ஒரே வகுப்பில் இருக்க முடிந்தது இதனால்தான்.

1773இல் திருத்தந்தை (போப்) சபையைக் கலைத்தார். 1814இல் அது மீண்டும் உயிர்பெற்றபோது பழைய நிலங்களும் நிதிகளும் போய்விட்டிருந்தன. அமெரிக்காவிலோ எழுதிவைக்க அரசர்களும் இல்லை. வாஷிங்டன் நகரில் 1821இல் தொடங்கிய ஒரு சேசு சபைப் பள்ளி (இன்றைய கொன்சாகா உயர்நிலைப் பள்ளி) செலவைச் சமாளிக்க மாணவர்களிடம் கட்டணம் வாங்க ஆரம்பித்தது. அது சபைச் சட்டத்துக்கு எதிரானது என்பதால் 1827இல் அந்தப் பள்ளியையே மூடவைத்தார்கள். கட்டணம் வாங்கியதற்காக ஒரு பள்ளி மூடப்பட்டது என்பதை இன்றைய பெற்றோர் நம்பவே மாட்டார்கள். கடைசியில் வேறு வழியில்லாமல் 1833இல் ரோமாபுரி விலக்கு கொடுத்தது. அமெரிக்க சேசு சபையினர் கட்டணம் வாங்கலாம் என்று ஆயிற்று. அந்தப் பள்ளியும் 1848இல் திரும்பத் திறந்தது. அன்றிலிருந்து இன்றுவரை அமெரிக்காவின் சேசு சபைப் பள்ளிகள் பெரும்பாலும் அந்த விலக்கின் பேரில்தான் நடக்கின்றன.

இன்னொரு பக்கம் நியூயார்க்கின் கதை. 1840களில் அயர்லாந்தின் வறுமையாலும் பின்னர் பஞ்சத்தாலும் கத்தோலிக்கர்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். பெரும்பாலோர் பரம ஏழைகள். அன்றைய பொதுப் பள்ளிகளில் புராட்டஸ்டண்ட் மொழிபெயர்ப்பு விவிலியம் வாசிக்கப்பட்டது, பாடப்புத்தகங்களில் கத்தோலிக்கரைத் தாழ்த்தும் வரிகள் இருந்தன. அயர்லாந்தில் பிறந்து, அமெரிக்காவில் தோட்ட வேலை செய்து, பின் குருவான ஜான் ஹியூஸ்தான் அப்போது நியூயார்க் மறைமாவட்டத்தை நடத்திய ஆயர் (பிஷப்). எங்கள் பள்ளிகளுக்கும் பொதுப் பணத்தில் பங்கு கொடுங்கள் என்று 1840இல் நகரசபையில் வாதாடினார். கிடைக்கவில்லை. 1842இல் வந்த சட்டம் நகரப் பள்ளிகளைத் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியத்தின் கீழ் கொண்டுவந்தது, ஆனால் சமயம் கற்பிக்கும் பள்ளிகளுக்குப் பணம் கிடையாது என்றது. சரி, நாமே கட்டுவோம் என்று இறங்கினார் ஹியூஸ். கோவிலுக்கு முன் பள்ளியைக் கட்டுங்கள் என்பது அவர் கொள்கையாகவே இருந்தது. 1884இல் பால்டிமோரில் கூடிய ஆயர்கள் இதை நாடு முழுவதற்கும் விதியாக்கினார்கள்: ஒவ்வொரு பங்கும் (ஒரு கோவிலைச் சேர்ந்த மக்கள் சமூகம்) தன் கோவிலருகே ஒரு பள்ளி கட்ட வேண்டும்.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நம்மூரில் கத்தோலிக்கப் பள்ளி என்றால் பெரும்பாலும் அரசு உதவிபெறும் பள்ளி, ஆசிரியர் சம்பளத்தை அரசு தரும். அமெரிக்காவில் அப்படியில்லை. சம்பளம், விளக்கு, கரி, கூரை எல்லாம் பங்கு மக்களின் காணிக்கையிலிருந்து வர வேண்டும். அதனால் பங்குகளால் தொடக்கப் பள்ளிவரைதான் தாக்குப்பிடிக்க முடிந்தது. உயர்நிலைக் கல்வி அப்போது யாருக்குமே அரிதான பொருள். 1910இல் அமெரிக்க இளைஞர்களில் பத்தில் ஒருவர்கூட உயர்நிலைப் பள்ளியை முடிக்கவில்லை. ஏழைக் கத்தோலிக்கப் பையன் எட்டாம் வகுப்போடு துறைமுகத்துக்கோ தொழிற்சாலைக்கோ போனான்.

இந்த இடத்தில்தான் ஜூலியா கிராண்ட் வருகிறார். அவர் கணவர் ஹியூ கிராண்ட் 1889 முதல் 1892 வரை நியூயார்க்கின் மேயர். ஐரிஷ் கத்தோலிக்கர், டாமனி ஹால் என்ற அரசியல் அமைப்பின் ஆள், பின்னர் பெரும் செல்வந்தர். ஜூலியாவின் தந்தை எட்வர்ட் மர்ஃபி அமெரிக்க செனட் உறுப்பினராக இருந்தவர். 1910இல் ஹியூ கிராண்ட் இறந்தார். மூன்று பிள்ளைகளோடு விதவையான ஜூலியா, 1912இல் பார்க் அவென்யூவில் இருந்த புனித இஞ்ஞாசியார் கோவிலின் பங்குத்தந்தை டேவிட் ஹெர்ன் அடிகளுக்கு எழுதினார். கத்தோலிக்கப் பையன்களுக்கு ஓர் இலவசப் பள்ளி கட்ட வேண்டும், வேறு வழியில் கத்தோலிக்கக் கல்வி பெற முடியாதவர்களுக்கு முதலிடம் தர வேண்டும், அதைச் சேசு சபையினர் நடத்த வேண்டும் என்பது அவர் விருப்பம். நிலத்துக்கும் கட்டடத்துக்கும் நடைமுறைச் செலவுக்கும் அவரே கொடுத்தார்.

அவர் வைத்த ஒரே பெரிய நிபந்தனை, தன் பெயர் வெளியே தெரியக் கூடாது என்பது. பல பத்தாண்டுகள் அந்தப் பள்ளியின் மாணவர்களுக்கு அவர் 'நிறுவனர் அம்மையார்' மட்டும்தான். தாங்கள் உட்கார்ந்திருக்கும் இருக்கைக்குப் பணம் கொடுத்தவர் யார் என்று தெரியாமலேயே தலைமுறைகள் படித்து வெளியேறின. வாசலில் பெயர் பொறிக்கப்படாத கொடை என்பது அமெரிக்கக் கல்வியுலகில் மிக அபூர்வம். பல்கலைக்கழகக் கட்டடத்தின் கழிவறைச் சுவரில்கூடக் கொடையாளர் பெயர் இருக்கும் நாடு அது. கிராண்ட் குடும்பம் வாழ்ந்த கிழக்கு 72ஆம் தெரு மாளிகையும் பின்னாளில் திருச்சபைக்கே போயிற்று. ஐக்கிய நாடுகள் சபையில் வத்திக்கானின் பிரதிநிதி குடியிருப்பது அங்கேதான். 2015இல் நியூயார்க் வந்த திருத்தந்தை பிரான்சிஸ் தங்கியதும் அந்த வீட்டில்தான்.

மெசினாவோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். ஓர் ஊர், ஒரு நிறுவனர், எழுதிவைத்த நிதி, கட்டணமில்லாப் பாடம். 1833இல் கைவிட்ட பழைய முறையை 1914இல் ஒரு விதவை திரும்பக் கொண்டுவந்தார். அவர் இந்த வரலாற்றை அறிந்து செய்தாரோ இல்லையோ, சேசு சபையினருக்கு நிச்சயம் தெரிந்திருக்கும்.

பள்ளிக்கு வைத்த பெயரும் பொருத்தமானது. புனித ஜான் பிரான்சிஸ் ரீஜிஸ் 17ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு சேசு சபைக் குரு. பெரிய கல்லூரிகளில் இருக்காமல் தென் பிரான்சின் மலைக் கிராமங்களில் ஏழைகளோடு அலைந்தவர். லேஸ் பின்னி வயிறு வளர்த்த பெண்களின் பிழைப்பை ஓர் ஆடைச் சட்டம் கெடுத்தபோது, அந்தச் சட்டத்தை நீக்கப் போராடி வென்றார் என்பார்கள். இன்றும் லேஸ் பின்னுபவர்களின் பாதுகாவலர் அவர். 1640இல் மலைக் குளிரில் பணி செய்துகொண்டிருக்கும்போதே நோயுற்று இறந்தார்.

வளாகம் என்று நீங்கள் கேட்டால், அமெரிக்கப் பள்ளி என்றதும் மனதில் வரும் புல்வெளியும் விளையாட்டுத் திடலும் இங்கே இல்லை. 84ஆம் தெருவில் தொடங்கி 85ஆம் தெரு வரை நீளும் ஒரே கட்டடம்தான் பள்ளி. பாஸ்டனைச் சேர்ந்த மகினிஸ்-வால்ஷ் நிறுவனம் வடிவமைத்தது. கத்தோலிக்கக் கோவில்களும் கல்லூரிகளும் கட்டிப் பெயர் வாங்கியவர்கள் அவர்கள். முகப்பில் சுண்ணாம்புக் கல்லும் உயர்ந்த தூண்களும் இருக்கின்றன. நடுவில் திறந்த முற்றம் இருப்பதால் நெருக்கமான தெருவில் இருந்தும் உள்வகுப்புகளுக்கு வெளிச்சம் கிடைக்கிறது. அரங்கம், சிற்றாலயம், உடற்பயிற்சிக் கூடம், நூலகம் எல்லாம் அதற்குள்ளேயே அடங்கும். அருகில் புனித இஞ்ஞாசியார் கோவில். இரண்டு தெருத்தொகுதி நடந்தால் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் சென்ட்ரல் பார்க்கும் வந்துவிடும். கட்டட வசதி என்று பார்த்தால் கட்டணம் வாங்கும் பல புறநகர்ப் பள்ளிகள் இதைவிட மேல். ஆனால் நகரின் நடுவே சுரங்க ரயிலில் வந்து சேர முடிகிற இடத்தில் இருப்பதே இதன் மிகப் பெரிய வசதி. குவீன்ஸ், புரூக்ளின், பிராங்க்ஸ், லாங் ஐலண்ட், நியூஜெர்சி, கனெடிகட் என்று எல்லாத் திசையிலிருந்தும் மாணவர்கள் வருகிறார்கள். தினமும் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி பயணம் செய்பவர்கள் உண்டு. உங்கள் வீடு எங்கே என்பதைப் பொறுத்து இதை நீங்கள் உண்மையாகவே யோசிக்க வேண்டும். பதினான்கு வயதுப் பையனுக்கு அது சின்ன விஷயமில்லை.

மொத்தம் சுமார் 530 மாணவர்கள். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டுவரை. ஆண்கள் மட்டும்.

அடுத்து படிப்பு. சேசு சபைப் பள்ளிகளுக்கு 1599இல் ஒரு பொதுப் பாடத்திட்டம் வகுத்தார்கள். லத்தீன், கிரேக்கம், சொற்கலை, தத்துவம், கணிதம் என்று படிப்படியாக ஏற்றிக்கொண்டு போகும் திட்டம் அது. ஆனால் அதன் உயிர் பாடப் பட்டியலில் இல்லை, வகுப்பு நடக்கும் முறையில் இருந்தது. ஆசிரியர் முதலில் ஒரு பகுதியை மாணவர்களோடு சேர்ந்து பிரித்துக் காட்டுவார், அவர்கள் அதைத் திரும்பச் சொல்வார்கள், எழுதுவார்கள், பிறகு ஒருவரோடொருவர் வாதாடுவார்கள். கேட்டுவிட்டுப் போவது படிப்பாகாது, சொல்லத் தெரிந்தால்தான் படிப்பு என்பது அதன் அடிப்படை. ரீஜிஸில் இன்று பாடங்கள் மாறிவிட்டாலும் இந்த வாசனை போகவில்லை. பேச்சும் விவாதமும் அங்கே ஏறக்குறைய ஒரு விளையாட்டைப் போலக் கொண்டாடப்படும். விவாதக் குழுவுக்கே ஹெர்ன் அடிகளின் பெயர்தான். 'ஆந்தை' என்ற பெயரில் மாணவர்கள் செய்தித்தாள் நடத்துகிறார்கள். இப்போது தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியில் புகழ்பெற்ற காலின் ஜோஸ்ட், மாணவராக இருந்தபோது அதன் ஆசிரியராக இருந்தவர்.

அந்தக் காலப் படிப்பு எவ்வளவு கடுமை என்பதற்கு ஆன்டனி பவுச்சி நல்ல சாட்சி. ஆம், கொரோனா காலத்தில் உலகம் முழுக்கத் தெரிந்த அதே மருத்துவர். புரூக்ளினில் மருந்துக்கடைக்காரரின் மகன், 1958இல் ரீஜிஸை முடித்தவர். நான்கு ஆண்டு லத்தீன், நான்கு ஆண்டு கிரேக்கம், அதோடு பிரெஞ்சு, பண்டைய வரலாறு, இறையியல் என்று படித்ததைப் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். உயரம் ஐந்தடி ஏழங்குலம்தான், ஆனாலும் கூடைப்பந்து அணிக்குத் தலைவர். பின்னால் 1984 முதல் 2022 வரை அமெரிக்காவின் தொற்றுநோய் ஆய்வு நிறுவனத்தை நடத்தினார். சிக்கலான விஷயத்தைச் சுருக்கி, தெளிவாக, யாருக்கும் புரியும்படி சொல்லும் அந்தப் பழக்கத்துக்குத் தான் பெற்ற சேசு சபைக் கல்வியையே அவர் காரணம் காட்டுவார்.

இறையியல் வகுப்பு கட்டாயம். திருப்பலி, தியானம், ஆன்ம ஆலோசனை எல்லாம் பள்ளி வாழ்வின் பகுதி. விடைத்தாளின் தலையில் 'இறைவனின் அதிமிக மகிமைக்காக' என்பதன் லத்தீன் முதலெழுத்துகளை எழுதுவது சேசு சபை மாணவர்களின் பழைய வழக்கம். அப்புறம், ஏழைகளிடையே சேவை. இது வெறும் சான்றிதழுக்கான வேலை இல்லை. 1973இல் ஸ்பெயினின் வலேன்சியாவில் பழைய மாணவர்கள் கூட்டத்தில் சபைத் தலைவர் பெத்ரோ அருப்பே பேசினார். பிறருக்காக வாழும் மனிதர்களை உருவாக்குவதே நம் பள்ளிகளின் வேலை, அதை இதுவரை நாம் சரியாகச் செய்தோமா என்று அவர்களிடமே கேட்டார். கேட்டவர்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சுக்குப் பிறகு அமெரிக்க சேசு சபைப் பள்ளிகள் தங்கள் மாணவன் வெளியேறும்போது எப்படி இருக்க வேண்டும் என்று எழுதிவைத்தன: வளரத் தயாரானவன், அறிவில் தேர்ந்தவன், இறைப்பற்றுள்ளவன், அன்புள்ளவன், நீதிக்காக உழைக்க உறுதிகொண்டவன். ஐந்தில் ஒன்றுதான் மதிப்பெண்ணைப் பற்றியது என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். மற்றபடி ரீஜிஸ் மாணவர்கள் நாட்டின் முதன்மைப் பல்கலைக்கழகங்களுக்குப் போகிறார்கள் என்பது ஊரறிந்த விஷயம், அதை நான் நீட்டவில்லை.

பாட்ரிக் ஃபிட்ஸ்ஜெரால்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அயர்லாந்திலிருந்து வந்த பெற்றோர். தந்தை மன்ஹாட்டனில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் வாயிற்காவலர். மகனும் விடுமுறைகளில் அதே வேலை பார்த்தார். ரீஜிஸ், பிறகு ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி, ஹார்வர்ட் சட்டப் பள்ளி. 2001 முதல் 2012 வரை சிகாகோவில் மத்திய அரசின் வழக்குத்தொடர் தலைவராக இருந்தபோது, இல்லினாய் மாநிலத்தின் முன்னாள் ஆளுநர்கள் இருவரை அவர் அலுவலகம் ஊழல் வழக்கில் சிறைக்கு அனுப்பியது. ஜூலியா கிராண்ட் மனதில் வைத்திருந்த பையன் இவர்தான் என்று எனக்குத் தோன்றும்.

இப்போது பணம். கிராண்ட் குடும்பத்தின் நிதி நெடுங்காலம் தாங்கியது. ஆனால் 1960களுக்குப் பிறகு இரண்டு விஷயங்கள் எல்லாக் கத்தோலிக்கப் பள்ளிகளையும் உலுக்கின. ஒன்று விலைவாசி. மற்றொன்று துறவியர் குறைந்தது. குருக்களும் கன்னியரும் வறுமை வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள், சொற்பத் தொகையில் கற்பித்தார்கள். உண்மையில் அமெரிக்கக் கத்தோலிக்கக் கல்வியின் மிகப் பெரிய கொடையாளர்கள் அவர்கள்தான், யாரும் அதைக் கணக்கில் எழுதவில்லை, அவ்வளவே. 1965இல் அந்த நாட்டில் ஏறக்குறைய 1,80,000 அருள்சகோதரிகள் இருந்தார்கள். இன்று 40,000க்கும் கீழே. அவர்கள் இடத்தில் குடும்பம் உள்ள பொதுநிலை ஆசிரியர்கள் வந்தார்கள், அவர்களுக்கு நியாயமான சம்பளம் தர வேண்டும். கட்டணம் ஏறியது, மாணவர் குறைந்தார்கள். 1965இல் கத்தோலிக்கப் பள்ளிகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் இருந்தார்கள். இன்று அது சுமார் 17 லட்சம். நியூயார்க்கிலேயே புரூக்ளின் பிரெப் என்ற பெரிய சேசு சபைப் பள்ளி 1972இல் மூடப்பட்டது.

ரீஜிஸ் அப்போது கட்டணம் வாங்கத் தொடங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அதற்குப் பதிலாகப் பள்ளி தன் பழைய மாணவர்களிடம் போனது. நீங்கள் இலவசமாகப் படித்தீர்கள், அடுத்தவனும் அப்படிப் படிக்க நீங்கள் கொடுங்கள் என்றது. கொடுத்தார்கள். இன்றும் பள்ளியின் ஆண்டுச் செலவு பழைய மாணவர், பெற்றோர், நண்பர்கள் கொடுப்பதிலும், சேர்ந்துள்ள நிதியின் வருமானத்திலும்தான் நடக்கிறது. அமெரிக்காவில் இத்தகைய நன்கொடைக்கு வருமான வரிவிலக்கு உண்டு என்பது உதவிதான். ஆனால் அது எல்லாப் பள்ளிக்கும் கிடைக்கிற விலக்கு. தாங்களும் இலவசமாகப் படித்தவர்கள் என்ற நினைப்புதான் இவர்களைக் கொடுக்க வைக்கிறது. மாணவனாகச் சேரும் நாளிலேயே "உன் இடத்துக்கு வேறொருவர் கொடுத்திருக்கிறார்" என்று சொல்லிவிடுகிறார்கள். பெற்றோரிடமும் முடிந்ததைக் கொடுக்கச் சொல்லிக் கேட்பார்கள். ஆனால் கொடுக்காவிட்டால் ஒன்றும் ஆகாது.

கட்டணமின்மை ஏழைகளுக்கு மட்டும் நல்லது என்று நினைக்க வேண்டாம். அது பள்ளியையே மாற்றுகிறது. ஆண்டுக்குப் பெரும் தொகை கட்டுகிற பெற்றோர் தன்னை வாடிக்கையாளராக நினைப்பது இயல்பு. மதிப்பெண் குறைந்தால் தலைமையாசிரியரைக் கூப்பிட்டுப் பேசுவார். இங்கே யாருக்கும் அந்தப் பிடி கிடையாது. வீட்டில் பணம் இருக்கிறது என்பதற்காகச் சேர்க்கையிலும் வகுப்பிலும் யாருக்கும் முன்னுரிமை இல்லை. இதைத்தான் நான் இந்தப் பள்ளியின் மிகச் சிறந்த அம்சமாகக் கருதுகிறேன், பல்கலைக்கழகப் பட்டியலை அல்ல.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு இடமில்லை. 1912இல் எழுதிய கடிதத்தின் வரையறை அது, அதை இன்றும் காப்பது சரிதானா என்று கேட்பவர்களோடு நான் சேர்ந்துகொள்வேன். ஒரு தெரு தள்ளி 1900இல் தொடங்கிய லொயோலா பள்ளியும் சேசு சபையுடையதுதான். அது 1973இலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது, ஆனால் அங்கே கட்டணம் உண்டு. அடுத்து, திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்ற கத்தோலிக்கர் மட்டுமே ரீஜிஸில் விண்ணப்பிக்கலாம். மற்ற சேசு சபைப் பள்ளிகள் பெரும்பாலும் எல்லாச் சமயத்தாரையும் ஏற்கின்றன. மூன்றாவது, கடும் போட்டி. போட்டித் தேர்வு என்றாலே நல்ல தொடக்கப் பள்ளியில் படித்த, வீட்டில் உதவி கிடைக்கிற பையன்தான் முன்னால் வருவான். பள்ளி இதை உணர்ந்து 2002இல் 'ரீச்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. வசதி குறைந்த குடும்பத்துப் பையன்களை நடுநிலை வகுப்புகளிலேயே தேர்ந்தெடுத்து, சனிக்கிழமைகளிலும் கோடை விடுமுறையிலும் இலவசமாகத் தயார்செய்கிறார்கள். 2021இல் பள்ளியின் தலைவராக இருந்த குருவே பாலியல் முறைகேட்டுக்காகப் பதவி நீக்கப்பட்டார் என்பதையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். வெளியாரைக் கொண்டு விசாரித்து, முடிவைப் பள்ளியே பகிரங்கமாக அறிவித்தது. எந்தப் பள்ளியானாலும் பிள்ளைகள் பாதுகாப்பு விதிகள் என்ன, புகார் யாரிடம் சொல்வது என்று நேரில் கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

இந்த முறையை எல்லா இடத்திலும் செய்ய முடியுமா என்றால், முடியாது. எல்லா ஊருக்கும் ஒரு ஜூலியா கிராண்ட் கிடைப்பதில்லை. அதனால்தான் 1996இல் சிகாகோவின் பில்சன் பகுதியில் சேசு சபையினர் வேறொரு வழி கண்டார்கள். கிறிஸ்தோ ரே என்ற அந்தப் பள்ளியில் மாணவர்கள் மாதத்தில் சில நாள் வங்கி, வழக்கறிஞர் அலுவலகம், மருத்துவமனை போன்ற இடங்களில் எழுத்தர் வேலை பார்க்கிறார்கள். அதற்கான ஊதியம் பள்ளிக்குப் போய்க் கட்டணத்தின் பெரும்பகுதியை ஈடுகட்டுகிறது. எளிய குடும்பத்துப் பிள்ளைகளை மட்டுமே சேர்ப்பார்கள், கத்தோலிக்கராக இருக்க வேண்டியதில்லை. இன்று நாடு முழுவதும் அப்படிப் பல பள்ளிகள் இருக்கின்றன. 2004இல் தொடங்கிய நியூயார்க் கிளை கிழக்கு 106ஆம் தெருவில், ரீஜிஸிலிருந்து வடக்கே கொஞ்ச தூரத்தில்தான் இருக்கிறது. பையனும் பெண்ணும் அங்கே சேர்ந்து படிக்கிறார்கள்.

உங்கள் மகனுக்கு வருவோம். ஏழாம் வகுப்பில் இருக்கிறான் என்றால் நேரம் இருக்கிறது. எட்டாம் வகுப்புத் தொடக்கத்தில், இலையுதிர் காலத்தில் விண்ணப்பம். திருமுழுக்குச் சான்றிதழ் ஊரிலிருந்து வர வேண்டுமென்றால் உங்கள் பழைய பங்குத்தந்தைக்கு இப்போதே எழுதுங்கள், கடைசி நேரத்தில் அதுதான் இழுக்கும். ஏழாம் வகுப்பு மதிப்பெண்களையும் பார்ப்பார்கள். முதல் சுற்றில் தேர்ந்தால் நேர்காணல் உண்டு. அதில் மனப்பாடப் பதில் எடுபடாது. அவன் எதை விரும்பிப் படிக்கிறான், எதைப் பற்றி வீட்டில் வாதாடுகிறான் என்பதைத் தயங்காமல் பேசினால் போதும். அதற்கு இந்த ஓர் ஆண்டில் தினமும் கொஞ்சம் வாசிக்கவும், வாசித்ததை உங்களிடம் சொல்லவும் பழக்குங்கள். நன்றாகப் படிக்கிற எத்தனையோ பையன்களுக்கு இடம் கிடைக்காமல் போகிறது. எனவே இதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். நியூயார்க்கில் சேவியர், ஃபோர்டம் பிரெப், நியூஜெர்சியில் செயின்ட் பீட்டர்ஸ் பிரெப் ஆகியவையும் சேசு சபைப் பள்ளிகள்தான். அங்கே கட்டணம் உண்டு, ஆனால் குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை தருகிறார்கள். அறிவித்த கட்டணத்தை முழுதாகக் கட்டாமல் படிப்பவர்கள் அங்கே நிறைய. விண்ணப்பத்தோடு உதவித்தொகைப் படிவத்தையும் சேர்த்தே அனுப்புங்கள். பல பள்ளிகளுக்குப் பொதுவான நுழைவுத் தேர்வு நவம்பரில் வரும். எந்தப் பள்ளி எந்தத் தேர்வைக் கேட்கிறது என்று மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடும், செப்டம்பரிலேயே விசாரித்துப் பதிவுசெய்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலைநாளில் காலை உங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கு அருகிலுள்ள 86ஆம் தெரு நிலையம்வரை மகனோடு ஒருமுறை ரயிலில் போய்ப் பாருங்கள்.